பன்னிரண்டாவது புள்ளி

இரவு ஒன்று நாற்பது.
இன்னும் அரைமணியில் சுங்கை பினாங்கு ஆற்றுக்குள் கடல் ஏறும்.
மழையோ, நிற்கிற உத்தேசத்தில் இல்லை.
பள்ளி மண்டபத்தில் பாய்களுக்கும் பால்மாவு டின்களுக்கும் நடுவே
என் மடிக்கணினி.
அதில் பதினொரு பச்சைப் புள்ளிகள்.

புள்ளி என்றால் ஆள்.
ஹபீசா, சூன் ஹுவாட், அம்பலவாணன்,
இன்சுலின் பெட்டியைப் பிள்ளைபோல அணைத்துக்கொண்டு போன
நர்ஸ் எஸ்தர்.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே சொல் அனுப்ப வேண்டும்:
'இருக்கேன்.'
அனுப்பாவிட்டால் மஞ்சள்.
மஞ்சளுக்கு நான் கூப்பிடுவேன்.
சிவப்புக்குப் படகு போகும்.
விதியை எழுதியவள் நான்தான்,
குளிரூட்டிய அறையில், கோப்பி ஆறிக்கொண்டிருக்க.

வரைபடத்தில் ரோடு தெரிகிறது.
ரோட்டோரத்து லோங்காங் தெரியவில்லை.
ஆறடி ஆழம் அது.
பழுப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே தரையாக்கிவிட்டது.

சன்னாசி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.
மாநகர் மன்றக் குத்தகையில் லோங்காங் அள்ளுகிறவர்.
"இங்க மூடி இல்லைங்க. போன மாசம் எவனோ இரும்புக்கு வித்துட்டான்.
இங்க இருக்கு, ஆனா ஆடும்.
இந்த மூலையில கரண்டுப் பெட்டி,
முட்டிக்குத் தண்ணி வந்தா கிட்டயே போவக்கூடாது."
அவர் விரல் பட்ட இடமெல்லாம் திரையில் சேறு.
துடைக்கவில்லை நான்.
சேற்றின் மேலேயே குறி வைத்தேன், இருபத்துமூன்று குறிகள்.
பதினொரு போன்கள்
எங்கோ இருட்டில் ஒன்றாக அதிர்ந்திருக்கும்.

இரண்டு பத்துக்கு எஸ்தர் மஞ்சள்.
கூப்பிட்டேன், மணியே போகவில்லை.
இரண்டு பதினாறுக்குச் சிவப்பு.

"கடைசியா எங்க?"
"பழைய ஐஸ் பேக்டரி பின்னால."
"அங்கயா," என்று மூச்சு விட்டார்.
"அந்தத் தகரத்துக்குக் கீழ எந்தப் போனும் பேசாது.
தரை உசரம். ஏறி நின்னிருக்கும் அந்தப் பொண்ணு.
படகை முன்வாசலுக்கு விடாதீங்க, இழுத்துரும்.
பின்சுவத்துல ஒரு ஓட்டை, ஆடு நுழையிற அளவு.
சொன்னா விளங்காது. நானே போறேன்."

போனார்.
இடுப்பளவு நீரில், படகுக்கு முன்னால்,
மூங்கில் கழியால் தட்டித் தட்டி
ரோட்டை ஒவ்வோர் அடியாகக் கண்டுபிடித்துக்கொண்டு போனதாக
அம்பலவாணன் வாக்கி டாக்கியில் சொன்னான்.

மூன்று மணிக்கு எஸ்தர் பச்சை.
'இருக்கென்' என்று குறில் போட்டு அனுப்பியிருந்தாள்.
அந்தப் பிழையை மூன்று முறை படித்தேன்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்,
ஈரச் சப்பாத்தைக் கழற்றினார்கள், மீ கோரெங் தின்றார்கள்.
எண்ணினேன். பதினொன்று.
கணக்கை மூடும் பொத்தானில் விரல் வைத்தபோதுதான்,
திரையில் காய்ந்திருந்த சேறு கண்ணில் பட்டது.

பட்டியலில் சன்னாசி இல்லை.
எங்கள் ஆள் இல்லை அவர்.
காப்புறுதி இல்லை, மிதவை அங்கி இல்லை,
பட்டன் போனில் புள்ளி எரியாது.
அவர் காணாமல் போனால் என்ன நிறம் என்று
என் விதியில் நான் எழுதவே இல்லை.

"எங்களைக் கரை ஏத்திட்டு
இன்னொரு வீடு பாக்கின்னு போனார்," என்றான் சூன் ஹுவாட்,
வாய் நிறைய மீயோடு. மெல்லுவது நின்றது.
எந்த வீடு? யாருக்கும் தெரியாது.
கேட்டுப் பார்க்கலாம்தான்.
கேட்க வேண்டிய ஆளே அவர்.

புதுப் புள்ளி ஒன்று செய்தேன்.
பெயர்: சன்னாசி.
த/பெ என்ற கட்டத்தில் விரல் நின்றுவிட்டது.

நாலு ஐம்பதுக்கு அறியாத எண்ணிலிருந்து அழைப்பு.
பின்னால் ஹொக்கியனில் ஒரு கிழவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.
"நான்தாங்க. பதினொரு பேரும் வந்தாச்சா?"
"இல்ல," என்றேன். "ஒருத்தர் பாக்கி."

அந்தப் பக்கம் கழி தரையில் ஊன்றும் சத்தம்.
"எந்தப் பக்கம் போனாங்க? சொல்லுங்க,
நான் போய்ப் பாக்குறேன்."