பக்கம் நூற்றுப் பன்னிரண்டு

ராயக்கோட்டை ரோட்டு மேம்பாலத்தின் கீழே
இரண்டாம் சனிக்கிழமை, எட்டு மணி.
ஏ.சி. ரூமுக்குத் தனி ரேட்.
கைகழுவும் இடத்தை ஒட்டிய மேசைதான்
எப்போதும் எங்களுக்கு.

ஒரே பிரதிதான் வாங்குவோம், ஐந்து பேருக்கும்.
லூர்துசாமி வாத்தியார் பென்சிலில் கோடு போடுவார்.
கோதாவரி கோடுகளை ரப்பரால் அழித்துவிட்டுத்தான் படிப்பாள்.
முனிரத்தினத்திடமிருந்து திரும்பி வந்தால்
கிரானைட் தூசு தாள்களுக்குள் நறநறக்கும்.
நான் பத்திரம் எழுதுகிறவன்.
எந்தக் கதையிலும் செக்குபந்தி தேடுவேன்:
வடக்கே யார், கிழக்கே எது,
வில்லங்கம் எங்கிருந்து என்று.

இந்த மாத நாவலில்
விடிவதற்குள் ஒருத்தி வீட்டைவிட்டுப் போகிறாள்.
ஏன் என்று எழுதியவர் சொல்லவில்லை.

கோபம், என்றார் வாத்தியார்.
வேற ஆள் இருப்பான் என்ற முனிரத்தினம்
அதே மூச்சில் சால்னா கேட்டான்.
காரணம் குறிப்பிடாத ஆவணம் செல்லாது என்றேன்,
என் பங்குக்கு.
"ஓடிப்போறது கோழைத்தனம்"
கோதாவரி முட்டை தோசையை நாலாக மடித்தாள்.
மேலே லாரிகள் ஓசூர்ப் பக்கம் போகப் போக
டம்ளர்த் தண்ணீர் வட்டம் வட்டமாய் நடுங்கியது.

மருந்துக்கடை ஷாகிரா
ஏழு மாதமாக வருகிறாள்.
பில்லுக்குச் சில்லறை எண்ணும்போது தவிர
அவள் குரலை நாங்கள் கேட்டதில்லை.
பரோட்டாவைப் பிய்த்தபடியே சொன்னாள்:
"கோபமெல்லாம் இல்ல சார்.
அன்னிக்கு கேஸ் தீந்திருக்கும்.
பால் பொங்கறதுக்குள்ள அடுப்பு அணைஞ்சிருக்கும்.
அந்தச் சத்தமில்லாத நேரத்துல
அவ மூச்சு அவளுக்கே கேட்டிருக்கும்."

நாவலில் கேஸ் கிடையாது.
வெள்ளைக்காரன் காலத்துக் கதை, விறகடுப்பு.
திருத்தப்போன வாத்தியார்
தண்ணீரை எடுத்துக் குடித்தார்.
முனிரத்தினம் தன் கலக்கியை
அவள் இலைப்பக்கம் நகர்த்தினான்.
சோம்புக் கிண்ணத்தோடு பில் வந்தது.
ஐந்தால் வகுத்தேன்.
இரண்டு தடவை தப்பாக வந்தது.

பேசி முடித்த புத்தகம்
என் ஆபீஸ் பீரோவில் தங்கும்.
வைப்பதற்கு முன் புரட்டினேன்.
நூற்றுப் பன்னிரண்டில்
வாத்தியார் கோடு இருந்து அழிந்த மங்கல்,
கொஞ்சம் தூசு.
ஓரத்தில், மாத்திரைக் கவரில் எழுதுகிற அதே கையெழுத்தில்,
4.40
என்று மட்டும்.

ஊரில்லை, தேதியில்லை, சாட்சியில்லை.
பால்பாயின்ட் பேனா.
கோதாவரியின் ரப்பர் தேய்த்துப் பார்த்திருக்கிறது,
தாள்தான் மெலிந்திருந்தது.