வெறும் வண்டி எடை

பாடாங் செராய் மில்லில், எடைமேடையில் வேலை எனக்கு.
செம்பனைக் குலையோடு லாரி ஏறும்: மொத்த எடை.
கொட்டிவிட்டுத் திரும்பும்: வெறும் வண்டி எடை.
கழித்தால் சரக்கு.
சீட்டில் முத்திரை. அடுத்தது.

நூற்று நாற்பத்தாறு கிலோவோடு
அலோர் ஸ்டாருக்கு பஸ் ஏறினேன்.
இரைப்பையில் முக்கால்வாசியை அறுத்தெடுத்து
மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்து அனுப்பினார்கள்.
ஆகிறது பதினோரு வருஷம்.

முதல் இரண்டு வருஷம் நான் ஊருக்குச் செய்தி.
மாரியம்மன் கோயில் வரிசையில் ஒருத்தி,
"ஏதும் சீக்கா?" என்றாள்.
இன்னொருத்தி காதோடு, "எவ்வளவு செலவு?"
ஒரே பாவாடையை நாலாவது முறை பிடிக்கக் கொடுத்தபோது
தையல்கடை லிம் அக்கா சொன்னாள்:
இதில் துணியே இல்லை, தையல்தான் இருக்கிறது.

இனிப்புநீர் போயிற்று.
ஐஸ்பெட்டியில் இன்சுலின் இருந்த தட்டில்
மாங்காய் ஊறுகாய் வைத்தேன்.
எட்டாம் வருஷம் திரும்பி வந்தது,
ஊசியாக அல்ல, பாதி மாத்திரையாக,
வாடகை பாக்கியோடு ஓடிப்போனவன்
பல்லிளித்துக்கொண்டு வாசலில் நிற்பதுபோல.

எடையும்தான்.
ஒரு தீபாவளிக்கு எழுபத்தொன்பது.
இப்போது தொண்ணூற்றாறு.
கிளினிக் பையன் அட்டையைப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினான்: "பதினேழு கூடிடுச்சே."
தம்பி,
கழிப்பது என் பிழைப்பு.
நூற்று நாற்பத்தாறிலிருந்து கழி.

வயிற்றுத் தோலைக் குளிக்கும்போது
தூக்கிப் பிடித்துக் கழுவுகிறேன்,
காலிக் கோணியை உதறுவதுபோல.
மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, இரும்பு மாத்திரை தினம்.
தே தாரிக்கை அவசரத்தில் குடித்தால்
கழுத்து வியர்த்து, நெஞ்சு அடித்து,
கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.
கேபினுக்கு பதினான்கு படி.
முன்பு ஏழாவதில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், எனக்காக.
யார் எடுத்துப்போனார்களோ.

சகாயநாதனுக்கும் அதே வாரம்தான் அறுத்தது.
குலை லாரி டிரைவர். என்னைவிட வேகமாக இளைத்தான்.
சோறு இறங்காத இடத்தில் சம்சு இறங்கியது.
"ஒரு தம்ளரே போதுது இப்பல்லாம், காசு மிச்சம்"
என்று ஜன்னல் வழியாகச் சிரித்தான்.
அப்புறம் இரண்டு. அப்புறம் நான் எண்ணவில்லை.
மார்ச் மாதத்திலிருந்து அந்த லாரியை வேறொருவன் ஓட்டுகிறான்.
வெறும் வண்டி எடை
இருபது கிலோ கூடியிருக்கிறது.
சீட்டை அடித்துக் கொடுத்துவிட்டேன்.

நேற்று இரவு ஷிப்டில் லாரி இல்லை.
இறங்கிப்போய் மேடை நடுவில் நின்றேன்,
நாற்பது டன் தாங்கும் இரும்பின்மேல்,
செருப்போடு.
இருபதிருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
நூறு என்றது, சிவப்பாக.
பொய்தான். நாலு கிலோ பொய்.
மேலே வந்து
தே ஓ கோசோங்கை மூடியில் ஊற்றி
மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டிருந்தேன்,
வளைவில் லாரி விளக்கு திரும்பும்வரை.