எடைப்படம்

பகலெல்லாம் டவுன்ஹால் ரோட்டு மாடியில்
கண் மூடிய மாப்பிள்ளைக்கு
அடுத்த படத்திலிருந்து கண் எடுத்து வைப்பேன்.
தாலி கட்டும் நேரம் வராத சித்தப்பாவை
மண்டப வாசலிலிருந்து வெட்டி
மேடையில் நிறுத்துவேன். வேட்டி நுனி கொஞ்சம் பிசிறும்.
ஆல்பத்தில் யாரும் நுனி பார்ப்பதில்லை.

கடை சாத்தியபின் இன்னொரு வேலை.

தை மாதம் மூன்று ராத்திரி
கிடாரிப்பட்டிக் கண்மாய்க்கரையில்
நானும் மொக்கராசும் எடுத்தது
நூற்று நாற்பத்தாறு படம்.
மிருகசீரிடத்துக்குக் கீழே கையகலப் புகை ஒன்று.
ஒவ்வொரு படத்திலும் அது இருக்கிறதா என்றால்
இருக்கிற மாதிரி.

மென்பொருள் முதலில் விண்மீன்களை எண்ணுகிறது.
முதல் ராத்திரி வானம் இரண்டாம் ராத்திரி வானத்தின்மேல்
உட்காரவில்லை. அரைப் பாகை திருகல்.
அவன் லென்ஸ் வேறு, என் லென்ஸ் வேறு;
எனக்கு ஐந்து கட்டம் என்றால் அவனுக்கு ஏழு.
ஆகவே எல்லாரையும் புதுக் கட்டத்தாளில் குடியேற்று.
நான்கு கட்டம் சந்திக்கிற மூலையில் விழுந்த மீனை
நான்கு வீட்டுக்கும் பங்கு பிரி.
பங்கு பிரித்தால் சேதாரம் இல்லாமல் போகுமா:
பிரகாசமானதைச் சுற்றி மெல்லிய கருவளையம்,
தூங்காதவர்கள் கண்ணுக்குக் கீழே இருக்குமே, அது.

பிறகு கூட்டல்.
ஒரே ஒரு படத்தில் வந்ததை நம்பாதே என்பது விதி.
கடைசிச் சென்னை விமானம் போனது.
செயற்கைக்கோள் கீறல்கள் போயின.
பதினேழாம் படத்தில் மொக்கராசு
டார்ச் அடித்துத் தேளைத் தேடியதும் போனது.
தேள் இருந்தது உண்மை.

இரண்டு மணிக்குப் போனில் கேட்கிறான்:
"என் படம் எத்தனை சேந்துச்சுக்கா?"
எல்லாம் என்றேன்.
எடைப்படத்தை அவனுக்கு அனுப்பவில்லை.
எந்தப் புள்ளியை எத்தனை படம் பார்த்தது,
எந்தச் சாட்சிக்கு எவ்வளவு மதிப்பு என்று
கறுப்பு வெள்ளையில் சொல்லும் இன்னொரு கோப்பு.
நடுவில் வெளுப்பு. ஓரம் போகப் போகக் கறுக்கும்.
அவன் படங்களுக்குக் கிடைத்தது கால் எடை.
அவன் கண்ணாடியில் பனி படிந்திருந்தது,
மூன்று ராத்திரியும் அவன் துண்டு
என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததால்.

கடைசியில் பின்புலம்.
தென்மேற்கு மூலையிலிருந்து ஏறிவரும் வெளிச்சத்தைச்
சரிவாக அளந்து கழித்தது.
மாட்டுத்தாவணி கோபுர விளக்குகள்,
ஒத்தக்கடை பெட்ரோல் பங்க்,
ரிங் ரோட்டு லாரிகள் கழிந்தன.
புகை விரிந்தது. உள்ளே ஓர் இருண்ட வளைவு.
அதன் விளிம்பில் சிவப்பு.
நான் ஒட்டவைக்காத சிவப்பு.
பெரிதாக்கி, பெரிதாக்கி, நுனி பார்த்தேன்.

கழித்ததையும் தூக்கிப் போடாமல்
தனிக் கோப்பாக வைத்திருந்தது.
திறந்தேன். ஒரு மீன் இல்லை.
கீழ் மூலையில் மஞ்சள், மேலே போக மங்கல், அவ்வளவுதான்.
மூன்று ராத்திரி மதுரை, சராசரி.
அதில் எங்கோ எங்கள் கடை போர்டும் எரிகிறது.
இரண்டாம் ராத்திரி அணைக்க மறந்தது நான்தான்.
கரண்டு பில் வந்தபோது முதலாளி
யாரென்று கேட்டுக் கத்தினார்.