ஐந்தடித் தொட்டி

ஹோக் லியாங் அளவுநாடாவைச்
சட்டென்று சுருட்டிக்கொண்டு கேட்கிறார்:
தொட்டியா, ஷவரா?
வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் லா,
ஓடுகளின் விலை ஏறப்போகிறதாம்.

பாசிர் ரிஸில் இந்த இரட்டைத்தள வீட்டை
வாங்கியபோது கூடவே வந்தது தொட்டி.
இளஞ்சிவப்பு. ஐந்தடி நீளம்.
குழாயடியில் ஒரு துருக்கறை,
யாரோ வெற்றிலை துப்பியதுபோல.

பத்தொன்பது வருடங்கள்.
அதில் யாரும் படுத்துக் குளித்ததில்லை.
உள்ளே நின்றபடி வாளியில் மொண்டு
ஊற்றிக்கொண்டோம், அவ்வளவுதான்.

அதற்காக அது சும்மா கிடந்தது என்றும்
சொல்ல முடியாது.
தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளில்
திரைச்சீலைகள் ஊறும்.
தண்ணீர் நிற்குமென்று அறிவிப்பு ஒட்டிய நாளில்
விளிம்புவரை நிரப்பினோம்; தண்ணீர் நிற்கவில்லை.
நான்கு வயது ருத்ரன் அதைப் பேருந்தாக ஓட்டினான்,
குழாயைத் திருகினால் கதவு திறக்கும்,
அட்டை தட்டாமல் யாரையும் ஏற்றமாட்டான்.
ஒருமுறை, எதற்கென்று மறந்துவிட்டது,
தலையணையோடு போய் நான் அதில் தூங்கினேன்.
விடியும்போது என்மேல் ஒரு போர்வை.
அதைப்பற்றி நாங்கள் பேசவில்லை,
இன்றுவரை.

இப்போது தில்லைநாயகியின் இடது முழங்காலில்
ஓர் உலோகம் இருக்கிறது.
விமான நிலையத்தில் கத்துகிறது.
தொட்டியின் விளிம்பைத் தாண்டச் சொன்னால்
வாயே திறப்பதில்லை.

ஆகவே ஷவர்தான், இதில் என்ன யோசனை?
படியில்லாத தரை, ஒரு கண்ணாடித் தடுப்பு,
சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி.
நான் வரிசையாக அடுக்கினேன்:
தண்ணீர்க் கட்டணம். வழுக்கல்.
கீழே நம் சமையலறைக் கூரையில்
மஞ்சள் கறை, ரியாவ் தீவுகள்போலப் பரவுவது.

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:
"ஒரு தடவைகூட நான் அதுல படுக்கலைங்க.
நேரம் கிடைக்கும்னு நெனச்சு வச்சிருந்தேன்."

அதற்கு என் பட்டியலில் பதில் இல்லை.

வியாழன் இரவு, அளந்து பார்ப்போம் என்றாள்.
வீட்டு உடையோடு, காய்ந்த தொட்டியில்,
எதிரெதிராக இரண்டு பேர்.
என் முழங்கால்கள் கூடாரமாய் எழுந்தன.
குழாய் அவள் முதுகைக் குத்தியது.
"இடம் மாறலாமா?"
"எழுந்தாத்தானே மாற."
எழ முடியவில்லை அவளால்.
சிரிக்கச் சிரிக்க இன்னும் முடியவில்லை.
அலமாரியை நகர்த்துவதுபோல
மூலை மூலையாக அவளைத் தூக்கி வெளியே வைத்தேன்.
மூச்சு வாங்கியது இருவருக்கும்.

"ஷவரே போட்டுருங்க," என்றாள்.
பிறகு,
"இன்னிக்கு மட்டும் நிரப்புங்க."

பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த
ஐந்தே நிமிடத்தில் குளிப்பீர் என்ற படம்
எனக்குள் எங்கோ விரலை ஆட்டியது.
திருகினேன்.
பாதியிலேயே வெந்நீர் தீர்ந்துவிட்டது,
மீதி பச்சைத் தண்ணீர்.
கெண்டியில் இரண்டு நடை,
சோற்றுப்பானையில் மூன்று நடை,
மாடிப்படியெல்லாம் சொட்டச் சொட்ட.

மெல்ல இறக்கிவிட்டேன்.
கொண்டை நனையாமல் தலையைச் சாய்த்து
கண்ணை மூடிக்கொண்டாள்.
வெளியே நீட்டிய பாதங்களிலிருந்து
நீர் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.
நான் கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து
ஈரத் துண்டை மடியில் வைத்திருந்தேன்.
எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.
சூடு ஆறிய பிறகும்
எழுப்பிவிடு என்று அவளும் சொல்லவில்லை.

வெள்ளி காலை ஹோக் லியாங்குக்கு
ஒரே சொல் அனுப்பினேன்.
கட்டைவிரல் படம் ஒன்று வந்தது,
பின்னாலேயே ஒரு வரி:
தொட்டியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்,
கதவு வழியாக வராது.

அதைப் படித்துக் காட்டினேன்.
பல் துலக்கிக்கொண்டிருந்தவள்
நுரையோடு திரும்பி, மெய்யாகவே புரியாமல் கேட்டாள்:
"அப்ப உள்ள எப்படி வந்துச்சு?"