முப்பத்தொரு சிவப்புப் பொட்டு

வாங்கி ஒன்பதாம் நாள்
கதவு கையோடு வந்தது.
கைபிடி மட்டும் என்றால் பேசாமல் இருந்திருப்பேன்.
கதவு.

துட்லிங்கனில் நான் கத்தரிக்கோல் பார்ப்பவன்.
ஆஸ்பத்திரிக்குப் போகும் கத்தரி.
இரண்டு அலகும் நுனியில் சந்திக்கிறதா என்று
விளக்கடியில் பிடித்துப் பார்ப்பேன்.
மயிரிழையில் மூன்றிலொரு பங்கு விலகினாலும்
சிவப்புப் பொட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவேன்.
பத்தொன்பது வருசம்.
என் பொட்டுக்குப் பயந்த பட்டறைகள் உண்டு.

அப்படிப்பட்டவன்
இருபத்தெட்டாயிரம் யூரோ எண்ணிக் கொடுத்து
இந்த வண்டிவீட்டைக் காரில் கொழுவி
போடன்சே ஏரிக்கரைக்கு இழுத்து வந்தேன்.

முதல் இரவே மழை.
தவமலரின் தலையணைக்கு நேர் மேலே
ஒரு சொட்டு கொஞ்சம் யோசித்தது,
பிறகு விழுந்தது.
தேத்தண்ணிக் கோப்பையை வைத்தோம்.
விடிய முக்கால் கோப்பை.
"உங்கட வண்டி பால் தருது" என்றாள்.

வேலைப் பையிலிருந்த பொட்டுச் சுருளை எடுத்தேன்.
யன்னல் ரப்பர் அரை விரற்கடை குறைய: ஒன்று.
குளிர்பெட்டி வளைவில் தானாகத் திறந்து
சம்பலைக் கம்பளத்தில் கவிழ்த்தது: இரண்டு.
கட்டிலுக்கடியில் ஏழு திருகாணி
எதற்கும் சொந்தமில்லாமல்.
எங்கிருந்து விழுந்தன என்று தேடத் தேட
விழாமல் நிற்பவற்றிலும் நம்பிக்கை போனது.
கழுவுதொட்டிக் குழாய் எங்கும் போகவில்லை,
அலுமாரிக்குள் வந்து நின்றுவிட்டது.
சுவர்ப்பலகையைக் கழற்றினால், உள்ளே
யாரோ பென்சிலால் கூட்டல் கணக்குப் போட்டிருந்தான்.
அதிலும் பிழை.

முப்பத்தொன்று.
ஆரபி வெளியே நின்று பார்த்தாள்.
"அப்பா, இதுக்குச் சுகமில்லையா?"
"அம்மாள் வருத்தம்" என்றாள் தவமலர்,
"வேப்பிலை கட்டோணும்."

சிங்கனில் விற்ற ப்ரின்க்மன்
ஒவ்வொரு பொட்டாகக் குனிந்து பார்த்து
கோயில் வீதிபோல ஒரு சுற்று வலம் வந்தார்.
பிறகு ஒரே சொல்: தொலரான்ஸ்.
எல்லாம் தொலரான்ஸுக்குள்தானாம்.
கையால் செய்வதாம். மரம் மூச்சு விடுமாம்.

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
நான் தின்னும் சோறு அந்தச் சொல்லில்.
அதற்கு முன்பே அதன் சித்தப்பன் மகனையும் தெரியும்.
வந்த புதிதில் கந்தோர்க்காரி தந்த தாளில்
டுல்டுங் என்று அடித்திருந்தது:
அனுப்பும்வரை பொறுத்துக்கொள்கிறோம்.
ஆறு மாதத்துக்கு ஒருக்கா முத்திரை.
ஐந்து வருசம் நான்
திருப்பி அனுப்பாமல் மேசையில் கிடந்த கத்தரி.

ஆனபடியால் கத்தவில்லை.
கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே
சுண்டுவிரலை விட்டுக் காட்டினேன்.
பிறகு பெருவிரலை.
ப்ரின்க்மன் விரலைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
நவம்பர் பதினான்கு என்றார்.
அதற்கு முன் திருத்த ஆளில்லை.

பள்ளி விடுமுறை ஓகஸ்டில்.

கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு
திரும்பவும் ஏரிக்கே வந்தோம்.
பின்னேரம் பக்கத்துக் கூடாரத்துக்காரர்
இறைச்சி சுடுகிறோம், வாருங்கள் என்றார்கள்.
தவமலர் பையெல்லாம் கிண்டினாள்.
பொட்டுப் பெட்டி வீட்டில்.
என் சுருளில் கடைசியாய் ஒன்று கிடந்தது.
கண்ணாடி பார்க்காமல் நெற்றியில் ஒட்டி
"திருப்பி அனுப்பிப் போடாதேங்கோ" என்றாள்.

நான் விளக்கடியில் பிடித்துப் பார்ப்பவன்.
பார்த்தேன்.
நடுவிலிருந்து ஒரு மயிரிழை இடப்பக்கம்.

சொல்லவில்லை.
ஏரிக்கு அந்தப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
கோப்பையைக் கழுவி
கட்டிலில் வைத்துவிட்டுப் போனேன்.