ஃபார்ம் சி

ஏழு ரோட்டு முக்கில் கரண்ட் இல்லை.
மெழுகுவர்த்தியில் பாஸ்போர்ட்டைப் பிரித்தேன்.
ஸ்டெய்னுன் கத்ரீனர்டோட்டிர்.
எழுத்துக்கூட்டி முடிக்க
அரை அங்குலம் மெழுகு போனது.

ஐஸ்லாந்துக்காரி. ஷூவுக்குள் கொடைக்கானல் மழை.
"கடைசியில் இருப்பது குடும்பப் பெயர் இல்லை" என்றாள்.
"டோட்டிர் என்றால் மகள்.
டெலிபோன் புத்தகத்தில்கூட
முதல் பெயரை வைத்துத்தான் தேடுவோம்."

எங்களுக்கும் அதே பாடுதான் என்றேன்.
பாஸ்போர்ட் ஆபீஸ் கேட்கிறதே என்று
அப்பன் பெயரைக் கடைசிக் கட்டத்தில் போட்டால்
ஏர்போர்ட் மைக்கில்
செத்த அப்பனைக் கூப்பிடுகிறார்கள்.
நாங்கள் ஓரெழுத்தாக்கி முன்னால் நிறுத்துகிறவரை
இவர்கள் முழு ஆளாகப்
பின்னால் நடக்க விடுகிறார்கள்.

தம்பி பெயர் பியோர்ன், கரடி.
அவன் பிள்ளை பியார்னர்சொன், கரடி மகன்.
அவள் பெயரிலேயே ஒரு கல் கிடக்கிறதாம்.
கேட்டுக்கு வெளியே குப்பைத்தொட்டியை முகர்ந்த காட்டெருமை
யார் மகனென்று
இருவருக்கும் தெரியவில்லை. சிரித்தோம்.

லாட்ஜ் நோட்டில் முதலாளி ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டம்:
தகப்பனார் பெயர்.
"கத்ரீன் உங்கள் அப்பாதானே?"

"அம்மா."

அவ்வளவுதான். ஷூ நாடாவைப் பிழிந்தாள்.

என் சட்டையில் பெயர்ப் பட்டை: இ. செல்லக்கனி.
இ-க்கு என்ன என்று கேட்ட சாமியாருக்கு இன்னாசி,
தமிழ் வாத்தியாருக்கு இளங்கோ,
பெண் பார்க்க வந்தவர்களுக்கு
லாரி கவிழ்ந்து இறந்த இராமசாமி.
ஆளுக்கேற்ற அப்பனைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

மன்னவனூர் கேரட் காட்டிலிருந்து
மண்காலோடு பள்ளிக்கூடம் வந்து
"நான்தான சார் பெத்தேன், என் பேரையே போடுங்க"
என்று ஹெச்.எம். மேசைமேல் கைவைத்தவள்
இருளாயி.
அந்த மேசையில் விழுந்த மண்ணை
நான் பாவாடையால் துடைத்தேன்.

கரண்ட் வந்தது.
கம்ப்யூட்டர் கடைசிப் பெயர் கேட்டது.
பதினான்கு எழுத்து. மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.
முதலாளியின் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

சாவியோடு படியேறியவள் பாதியில் திரும்பி
பட்டையைக் காட்டினாள்.
"இ?"

"வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு" என்றேன்.

மேலே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டபிறகு
நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
செல்லக்கனி இருளாயிமகள்.
அடித்தேன்.
செல்லக்கனி இருளாயிடோட்டிர்.
கட்டத்துக்குள் அடங்காது.
இரண்டையும் கிழிக்கவில்லை.