நீள்வட்டம்

முதல் மாதம் வட்டம்.
இருபத்தெட்டு மில்லிமீட்டர்.
மருந்துப் பெட்டியின் அட்டையில் வரைந்து
வெட்டியெடுத்த ஓட்டைக்குள்
குடல்வாய் பொருந்தி உட்கார்ந்தது,
சிவப்பாக, ஈரமாக,
வலிக்கத் தெரியாமல்.

நான்காம் மாதம் அந்த அட்டை ஏமாற்றியது.
தங்கச்சிமடம் பேருந்தில் ஓரம் கசிந்தது.
பக்கத்திலிருந்தவள் தன் கருவாட்டுக் கூடையைச்
சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்தாள்.
நானும் சேர்ந்து எட்டிப் பார்த்தேன்.

மதுரையில் குடலை எடுத்த டாக்டர்
ரெண்டு வருஷம் போகட்டும், அப்புறம் யோசிங்க என்றார்.
மூன்று வருஷம் போனது.
யோசிக்கவில்லை, பாசி எடுத்தேன்.
காலடியில் அலுமினியத் தகடு,
பழைய பனியனுக்குள் மடக்கிக் கட்டிய பை,
இடுப்பில் மரிக்கொழுந்துப் பாசி நிறைகிற இன்னொரு பை.
கடலுக்குள் யாருக்கும் மூக்கில்லை.

அங்கேதான் ஒரு நாள், கல்லோரம், கடல் அட்டை.
கை பட்டதும்
தன் குடலை மொத்தமாக வெளியே கக்கிவிட்டுக்
காலியாகக் கிடந்தது.
"புதுசு வளத்துக்கும்" என்றாள் நார்பெட்டா, மேலே வந்து மூச்சு வாங்கி.
"எடுத்துராத, கேஸு."
எடுக்கவில்லை.
அன்று ராத்திரி கித்தேரியானிடம் சொன்னேன்,
எனக்குப் பிள்ளை வேண்டும்.
அவன் என் வயிற்றைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருக்க அவன் பட்ட பாட்டை
நான் பார்த்தேன்.

ஒரே வயித்துல ரெண்டுக்கும் எடம் காணுமா?
மாமி கேட்டது என்னிடம் இல்லை,
உலையிடம்.

ராமநாதபுரத்தில் டாக்டர் வஹிதா
தாளில் படம் போட்டுக் கருப்பை என்று எழுதினார்.
அதுவும் பைதான்.
மாதம் எட்டு, ஒன்று நானூறு ரூபாய் என்று
கூரியரில் வருகிற பைக்குத்தான் எனக்கு விலை தெரியும்.

ஆறாம் மாதம் நீள்வட்டம்.
வயிறு முன்னே வந்து அதை மறைத்துவிட்டது.
கித்தேரியான் சவரக் கண்ணாடியைப் பிடிக்கிறான்,
பல்லில் டார்ச்சைக் கடித்தபடி.
வலைக்கண் அளக்கிற விரல்.
"இந்தப் பக்கம் அரை நூல் கூட்டணும்"
என்று டார்ச்சோடு சொல்வது
எனக்கு மட்டும் புரியும்.

தேதி வைகாசியில்.
தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும்,
கையில் காசிருக்காது.
ஆனால் கண்ணாடி பிடிக்க ஆளிருக்கும்.
அப்படித்தான் கணக்குப் போட்டோம்,
வேறெதுவும் நம் கணக்கில் வரவில்லை.

"தானாகப் பிறக்கலாம்.
பின்பக்கம் தைத்து மூடிய இடம் பழைய தையல்,
தாங்கலாம், கிழியவும் செய்யலாம்.
அறுத்தால் உள்ளே குடல் ஒட்டிக் கிடக்கும்,
கத்தி எங்கே போகும் என்று
திறந்தால்தான் தெரியும்.
எதுவானாலும் மதுரையில்தான்.
நீங்க சொல்லுங்க."

குடலை எடுத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, முழு நினைவு.
படிவத்தில் அப்பா கைநாட்டு வைத்தார்.
கட்டில் காலில் மையைத் துடைத்துவிட்டு
வெளியே போய் நின்றார்.

நீங்க சொல்லுங்க.
பாம்பன் பாலம் தாண்டும்வரை
அதையே மென்றுகொண்டு வந்தேன்.
இரண்டு பக்கமும் கடல்,
ஒன்று கொந்தளிக்கிறது, ஒன்று சும்மா கிடக்கிறது.
எது எது என்று
மாதத்துக்கு மாதம் மாறும்.

முதலில் தானாக.
முடியாவிட்டால் அறுங்கள்,
ஆனால் குடலை எடுத்தவரும் அறைக்குள் நிற்க வேண்டும்.
இதைச் சொன்னபோது என் குரல்
மீன் விலை பேசுகிற குரலாக இருந்தது.
டாக்டர் வஹிதா எழுதிக்கொண்டார்.

நேற்று ஒன்பதாம் மாதத்து அட்டையை வெட்டினோம்.
நாற்பதுக்கு முப்பத்திமூன்று.
பிறந்த பிறகு மறுபடி வட்டமாகுமாம்.
முதல் அட்டையையும் எடுத்து வைத்திருக்கிறேன்,
கத்தரியோடு, நான்கு பைகளோடு,
குழந்தைக்குச் சுற்ற நைந்த வேட்டியோடு.

மேலே ஒரு தாள்,
பிரசவ வார்டில் அன்றைக்கு யார் இருப்பாரோ அவருக்கு:
இது புண் இல்லை.
கட்டுப் போடாதீர்கள்.
நான் கத்திக்கொண்டிருந்தாலும்
என்னிடமே கேளுங்கள்.